யாளி எப்படி நடக்கும்?

மின்னி பேயில் தங்கியிருந்த நாட்களில் ஒரு காலைப் பொழுது அபர்டீன் படகுத்துறைக்குச் சென்று ராஸ் தீவுக்குப் படகேறினோம். 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்கப்பெறும் அச்சிறு நிலப்பரப்பில், மரவேர்கள் கவ்விய பழைய கட்டடங்களுக்கிடையே புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுகின்றன. மற்றவர்கள் அவற்றின் விழிகளைப் படமெடுக்க, நாங்கள் கால்களையே நோக்கி நின்றோம்.

எங்கள் மனத்தில் இருந்தது ஒரு யாளி. சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் கொண்டு நம் கோயில் தூண்களில் எழுந்து நிற்கும் அந்தக் கற்பனை விலங்கு நடந்து கண்டவர் எவருமில்லை. அதைத் திரையில் நடக்கவிட விரும்பும் அனிமேஷன் கலைஞர், முதலில் உயிருள்ள விலங்கிடம்தான் பாடம் கேட்க வேண்டும்.

நான்கு கால்களின் ஒழுங்கு

மான் நிதானமாக நடக்கையில் இடப் பின்னங்கால், இட முன்னங்கால், வலப் பின்னங்கால், வல முன்னங்கால் என்ற வரிசையில் பாதங்கள் நிலத்தைத் தொடுகின்றன. முன்பாதம் விட்டுச்சென்ற சுவட்டின் அருகிலேயே பின்பாதம் ஊன்றுகிறது. தோள் உயரும்போது இடுப்பு தாழ்கிறது. இடுப்பு உயரும்போது தோள் தாழ்கிறது. பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவதாக நாம் காண்பது முழங்கால் அன்று, கணுக்கால். இதை அறியாமல் வரைந்தால் யாளி நடக்காது, நொண்டும்.

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. நான்கு கால்களும் ஒருமுறை அடியெடுத்துவைக்கும் ஒரு சுற்றை 24 படங்களில் வரைந்துவிட்டால், அதையே மீண்டும் மீண்டும் ஓட்டி விலங்கை எவ்வளவு தூரமும் நடத்தலாம். கனத்த யாளிக்கு 32 அல்லது 40 படங்கள் பொருந்தக்கூடும். கடைசிப் படம் முதல் படத்தின் நகலாக இருத்தலாகாது. இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நடை ஒரு கணம் தடுமாறும். ஊன்றிய பாதம் வழுக்கினால் உடலின் கனம் பொய்யாகிவிடும். துதிக்கையும் வாலும் உடலுக்குச் சற்றுப் பிந்தியே அசைய வேண்டும்.

மானிலிருந்து புலி வரை

இக்கலைக்கு இந்தியாவில் முறையான பயிற்சி தொடங்கியதும் ஒரு மான் கதையோடுதான். டிஸ்னி நிறுவனத்தின் 'பாம்பி' படத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ், பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். அங்கிருந்து 1957இல் 'தி பான்யன் டீர்' வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, 1956இல் அப்பிரிவில் சேர்ந்த ராம் மோகன், பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை எனப் போற்றப்பெற்று 2014இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

புதுச்சேரியில் கதை தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்தில் நம்மை நடுங்கவைத்த புலி, பெரும்பாலான காட்சிகளில் கணினியில் பிறந்ததே. மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் கொண்டிருந்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதை உருவாக்கியது. 2013 பிப்ரவரியில் அப்படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. அதே மாதத்தில்தான் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. புலியின் ஒவ்வோர் அடியையும் எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. வரவும் செலவும் எண்ணத் தெரிய வேண்டும் என்பதை இத்துறை அன்று கண்டது.

தங்கள் பிள்ளை அனிமேஷன் பயில விரும்பினால், பெருந்தொகை கட்டணத்திற்காகக் கல்விக் கடன் பெறுமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். பிளெண்டர் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒரு நாற்கால் விலங்கை ஒரு சுற்று நடக்கவைக்கச் சொல்லுங்கள். முதல் முயற்சி நிச்சயம் நொண்டும். பத்தாம் முறையும் சலிக்காமல் திருத்த அமர்ந்தால், அந்த ஆர்வத்தை நம்பிச் செலவிடலாம்.

மாலையில் மின்னி பே திரும்பியபோது எங்கள் குறிப்பேட்டில் மானின் முகம் ஒன்றுகூட இல்லை. பக்கம் பக்கமாகக் கால்கள் மட்டுமே இருந்தன. யாளி எழுந்து நடக்க அவையே போதும்.