ரொட்டி நிதி

சொந்தத் தொழில் செய்றவங்க கை ஒடிஞ்சு படுத்தா அன்னிக்கே வருமானம் நின்னுடும். நெதர்லாந்தில் இவர்களுக்கென்று ஒரு கட்டாய அரசுக் காப்பீடு இருந்தது. 2004-ல் அதை எடுத்துவிட்டார்கள். தனியார் காப்பீட்டுக்குப் பிரீமியம் அதிகம். கூரை வேலை செய்பவர், ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர் என்றால் கிடைப்பதே கஷ்டம்.

2006-ல் சிலர் சேர்ந்து 'ப்ரோட்ஃபாண்ட்ஸ்' தொடங்கினார்கள். ரொட்டி நிதி என்று பொருள். ஒரு குழுவில் அதிகபட்சம் 50 பேர். ஒவ்வொருவரும் மாதாமாதம் தன் பெயரில் உள்ள கணக்கிலேயே பணம் போடுவார். ஒருவர் நோயில் விழுந்தால், மற்றவர்கள் கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் போகும். மாதம் 2,000 யூரோ தேவை என்றால் 49 பேருக்கும் தலைக்குச் சுமார் 41 யூரோதான். குழுவை விட்டு விலகினால் மிச்சப் பணம் உங்களுக்கே. சட்டப்படி இது காப்பீடு இல்லை, அன்பளிப்பு. கிட்டத்தட்ட நம்ம மொய் மாதிரி. ஆனா திருப்பிச் செய்ய வேண்டாம்.

குழு சின்னதா இருக்கிறதுதான் இதோட காவல். எல்லாரும் முகம் தெரிஞ்சவங்க. பொய்யா படுத்துக் கிடக்க முடியாது.

எனக்கு இடிப்பது ஒன்றுதான்: பணம் 2 ஆண்டு வரைதான் வரும். கால் முறிவு அதற்குள் கூடிவிடும். பக்கவாதம் வந்த தச்சருக்கு மூன்றாம் ஆண்டு என்ன வழி? அதனால் சிலர், 2 ஆண்டு கழித்தே பணம் தரத் தொடங்கும் காப்பீட்டையும் கூடவே வாங்கி வைக்கிறார்கள். காத்திருப்பு நீளம் என்பதால் அதன் பிரீமியமும் குறைவு.