ஒரு வசைச்சொல்லின் மறுபிறப்பு

1929 ஜனவரியில் சென்னை முஸ்லிம் சங்கத்தின் அழைப்பை ஏற்று, தமிழ் முஸ்லிம் வணிகர் ஜமால் முகமதுவின் ஆதரவோடு, கவிஞர் முகம்மது இக்பால் இந்நகரில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். சமய அனுபவம் அறிவாகுமா, இறைவன் என்ற கருத்தும் தொழுகையும் எதைக் குறிக்கின்றன என்பவை அவற்றின் பொருள். ஹைதராபாத்திலும் அலிகரிலும் தொடர்ந்த அந்த உரைவரிசை 1930இல் லாகூரில் நூலாக வந்தது. அது ஆங்கில உரைநடையில் அமைந்ததால் அவருடைய தத்துவமே அதில்தான் இருக்கிறது, பாரசீக, உருதுக் கவிதைகள் அதற்கு வெறும் அலங்காரம் என்று கருதுவோர் உண்டு. நேர்மாறானதே உண்மை என்பேன். சென்னையில் வாதமாக விரிந்த கருத்தின் உயிர், 14 ஆண்டுகளுக்கு முன், 1915இல் வெளிவந்த 'அஸ்ராரே குதி' என்ற பாரசீக நெடுங்கவிதையிலேயே பிறந்துவிட்டது.

மயிலாப்பூரில் சைவ சித்தாந்தம் பயின்ற எவரும் மும்மலங்களில் முதலாவது ஆணவம் என்பார். பாரசீக, உருது வழக்கில் 'குதி' ஏறக்குறைய அந்த இடத்தில் இருந்த சொல். தன்னலம், செருக்கு என்றே பொருள்பட்டது. 'நான்' அழிவதை, துளி கடலில் கரைவதைப் பாடிப் பாடி ஊறிய மரபு அது. இக்பால் அந்த வசைச்சொல்லையே எடுத்து, மனிதன் வளர்த்து உறுதிப்படுத்த வேண்டிய தன்னுணர்வுக்குப் பெயராக்கினார். துளி கடலில் கரையாமல் முத்தாகத் திரள வேண்டும் என்றார். அடிமைப்பட்டுக் கிடந்த சமூகத்துக்குத் தன்னழிப்பு செயலின்மையின் சாக்காகிவிட்டது என்பது அவர் கணிப்பு. முதல் பதிப்பில் அந்த மரபின் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸைக் கடுமையாகத் தாக்கினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த வரிகளை அடுத்த பதிப்பில் நீக்கினார். ஆனால் பாரசீகச் சூஃபிக் கவிஞர் ரூமியைக் குருவாகக் கொண்டு, ரூமியின் மஸ்னவி எந்த யாப்பில் அமைந்ததோ அதே யாப்பில்தான் எழுதினார். இதுவே எனக்கு வலுவான சான்று. ஒரு சொல்லுக்குப் புதுப்பொருள் வகுக்கக் கட்டுரை போதும். நூற்றாண்டுகளாகச் செவியில் படிந்த வெறுப்பை மாற்ற, அந்தச் செவி அறிந்த ஓசையே வேண்டும்.

'நான்' என்பதை இப்படி உயர்த்துவது ஆபத்தில்லையா? நியாயமான கேள்விதான். 1918இல் வந்த 'ரமூஸே பேகுதி' என்ற அடுத்த பாரசீக நெடுங்கவிதையில் அவரே விடை தேடினார்: தனிமனிதன் சமூகத்தோடு இணைந்தே முழுமை பெறுகிறான். ஆனால் அந்தச் சமூகத்தைத் தம் சமய எல்லைக்குள்ளேயே அவர் வகுத்தது குறைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் எழுதிய பாரசீகம் நமக்கு அந்நியம் என்ற மற்றொரு மறுப்போ நிற்காது. 1795இல் கட்டப்பட்ட திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் கல்வெட்டில், கட்டிய ஆண்டைச் சொல்லும் பாரசீகக் கவிதையை இயற்றியவர் மக்கன்லால் என்ற இந்து. கவிதை வெறும் உணர்ச்சி, அது தத்துவத்தைத் தாங்காது என்போர், அச்சில் வந்த முதல் சென்னை உரையைப் புரட்டிப் பார்க்கலாம். ஐரோப்பியத் தத்துவத்தோடு வாதாடும் அந்தப் பக்கங்களுக்கு நடுவே, அறிவு எதுவரை எட்டும் என்ற கேள்வி எழும்போது, இக்பால் ரூமியின் கவிதையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்.