லாபம் தனியாருக்கு, நஷ்டம் யாருக்கு? விமான நிலைய மெட்ரோ தரும் பாடம்

புதுதில்லி ரயில் நிலையத்திலிருந்து இந்திரா காந்தி விமான நிலையம் வழியாகத் துவாரகா வரை செல்லும் மெட்ரோ தடத்தில் பயணம் செய்வோரில் பலருக்கு, இந்தத் தடத்தின் பெயரில் பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது தெரியாது. உச்ச நீதிமன்றம் மூன்று முறை தீர்ப்பளித்த வழக்கு அது. அடித்தளக் கட்டமைப்புத் திட்டங்களில் அரசும் தனியாரும் ஆபத்தை எப்படிப் பங்கிட்டுக் கொள்வது என்ற கேள்வி, நாட்டில் வேறெங்கும் இவ்வளவு பட்டவர்த்தனமாக விசாரிக்கப்பட்டதில்லை எனலாம்.

2008 ஆகஸ்ட் 25-ஆம் தேதி கையெழுத்தான 30 ஆண்டு ஒப்பந்தத்தில் பங்கீடு தெளிவாகவே இருந்தது. சுரங்கம், மேம்பாலம், நிலையக் கட்டடங்கள் ஆகியவை தில்லி மெட்ரோ ரயில் கழகத்தின் பொறுப்பு. தண்டவாளம், சிக்னல், ரயில் பெட்டிகள், இயக்கம் ஆகியவை ரிலையன்ஸ் இன்ஃப்ரா தலைமையிலான நிறுவனத்தின் பொறுப்பு. பயணிகள் வருகிறார்களா, இல்லையா என்ற கவலையும் தனியாருடையதே. மத்திய அரசும் தில்லி அரசும் சரிபாதியாகப் பங்கு வைத்துள்ள கழகம், கட்டுமானத்தில் குறை இருந்தால் பதில் சொல்ல வேண்டும்.

ஏட்டளவில் குறையில்லாத இந்த ஏற்பாடு நடைமுறையில் சிக்கலானது. 2010 அக்டோபர் காமன்வெல்த் விளையாட்டுக்குள் முடிந்திருக்க வேண்டிய தடம், 2011 பிப்ரவரி 23-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2012 ஜூலையில், மேம்பாலத்தின் உத்திரங்களைத் தாங்கும் பேரிங்குகளில் பழுது என்று கூறி ரயில்கள் நிறுத்தப்பட்டன. குறையைச் சரிசெய்யக் கழகத்துக்கு 90 நாள் கெடு விதித்த நிறுவனம், அது முடிந்ததும் அக்டோபர் 8-ஆம் தேதி ஒப்பந்தத்தை முறிப்பதாக நோட்டீஸ் அனுப்பியது.

இங்கேதான் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு முக்கியத்துவம் பெறுகிறது. தவறு கழகத்தின் மேல் என்றால், நிறுவனத்தின் கடன் பாக்கியோடு அது போட்ட மூலதனத்தில் 130 சதவீதத்தையும் கழகம் தந்துவிட வேண்டும். பயணிகள் இல்லாமல் நஷ்டத்தில் ஓடும் ரயிலை விட, கட்டுமானக் குறையால் நின்றுபோன ரயில் நிறுவனத்துக்கு லாபகரமானது என்ற விந்தை இதனால் உண்டாயிற்று. பழுது கற்பனை என்று சொல்வதற்கில்லை. குறைகள் இருந்தன என்பதைக் கழகமும் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்தைப் பங்கிட எழுதப்பட்ட பிரிவு, வர்த்தக நஷ்டத்திலிருந்து வெளியேறும் வாசலாகவும் பயன்பட இடமிருந்தது.

பழுதுபார்த்த பின், 2013 ஜனவரி 18-ஆம் தேதி மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் சான்றிதழ் அளித்தார். நான்கு நாள்களில் ரயில்கள் ஓடத் தொடங்கின. ஆயினும் அந்த ஜூன் மாத இறுதியோடு நிறுவனம் கைகழுவ, கழகமே இயக்கத்தை ஏற்றது.

2017 மே 11-ஆம் தேதி நடுவர் தீர்ப்பாயம், ரூ. 2,782.33 கோடியும் வட்டியும் கழகம் தர வேண்டும் என்றது. 2018-இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது. சீராய்வு மனுவும் அதே ஆண்டில் தள்ளுபடியானது. இதற்கிடையே வட்டி குட்டி போட்டு, 2022 பிப்ரவரியில் மொத்தத் தொகை ரூ. 8,009 கோடியாகி விட்டது. இதை யார் தருவது என்று கழகத்தின் இரு பங்குதாரர்களுக்குமிடையே இழுபறி வேறு. பணம் எந்தக் கஜானாவிலிருந்து போனாலும் அது வரி கட்டியவரின் பணமே.

அபூர்வமாகவே வெற்றி பெறும் மறுசீராய்வு மனு இந்த வழக்கில் வென்றது. 2024 ஏப்ரல் 10-ஆம் தேதி, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் பி.ஆர். கவாய், சூர்ய காந்த் ஆகியோர் கொண்ட அமர்வு 2021 தீர்ப்பை ரத்து செய்தது. குறையைத் தீர்த்திருக்க வேண்டும் என்பதோடு, தீர்க்க உருப்படியான நடவடிக்கை எடுத்திருந்தாலும் போதும் என்றே ஒப்பந்தம் கூறியது. தீர்ப்பாயம் அதையும் ஆணையரின் சான்றிதழையும் கணக்கில் கொள்ளவில்லை என்பது அமர்வின் முடிவு. கழகம் செலுத்திய தொகையைத் திருப்பித் தரவும் உத்தரவாயிற்று. ஒரு சொற்றொடரின் பொருள் இவ்வளவு கோடிகளைத் தீர்மானித்தது.

எந்த ஆபத்தை யார் சமாளிக்க முடியுமோ அவரிடமே அதை ஒப்படைக்க வேண்டும் என்று விஜய் கேல்கர் குழு 2015-இல் பரிந்துரைத்தது. நெடுஞ்சாலைத் துறையில் அதன் சாயல் தெரிகிறது. 2016-இல் வந்த முறையில் கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தை அரசு பணிக்காலத்திலேயே தருகிறது. எஞ்சியதைப் பின்னர் தவணைகளில் தருகிறது. வாகனங்கள் குறைந்தால் அந்த நஷ்டம் ஒப்பந்தக்காரருக்கு இல்லை.

மெட்ரோவில் அத்தகைய தெளிவு இன்னும் வரவில்லை. குருகிராம் ரேபிட் மெட்ரோவை 2019-இல் ஹரியாணா அரசு நிறுவனம் ஏற்க நேர்ந்தது. 2025 செப்டம்பரில் ஹைதராபாத் மெட்ரோவை எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து கடனோடு சேர்த்து ஏற்கத் தெலங்கானா அரசு இசைந்தது. தில்லி விமான நிலையத் தடமோ 2023 முதல் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, அரசுக் கழகத்தின் கையில்.