உறுமியும் கிறுகாத மெசின்

எங்கள் இதழுக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று இதழ்க்குழுப் பிள்ளைகள் கேட்டபோது, விண்வெளி பற்றியோ அணு பற்றியோ எழுதலாமென்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, சென்ற மாரியில் என் வீட்டுக் கிணற்றடியில் நான் படித்த பாடத்தையே எழுதுவதென்று முடிவு செய்தேன். அது உங்கள் வீடுகளுக்கும் பயன்படும்.

எனது ஊர் செட்டிபாளையம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் கொடியில் போட்ட சேலை பத்து மணிக்கு முன் காய்ந்துவிடும். ஐப்பசி முடிந்து வாடை தொடங்கினால் நிலைமை வேறு. நாட்கணக்கில் மழை பெய்யும். மழை விட்டாலும் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் துணியிலுள்ள நீர் ஆவியாகாது. உங்கள் வெள்ளைச் சீருடைகளில் மார்கழி மாதத்தில் ஏறும் பூஞ்சண வாடையை நீங்களும் அறிவீர்கள்.

சென்ற மார்கழியில் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். நாளொன்றுக்கு மூன்று, நான்கு படுக்கை விரிப்புகள் மாற்ற வேண்டும். ஈரமான விரிப்பில் கிடந்தால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்துவிடும், அது வந்தால் முறிவை விடப் பெரிய வில்லங்கம் என்று வைத்தியசாலையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்தது இரட்டைத் தொட்டி வோஷிங் மெசின். ஒரு தொட்டி கழுவும், மற்றது சுற்றி நீரை வெளியேற்றும். அந்தச் சுற்றும் தொட்டி ஒருநாள் நின்றுவிட்டது. ஆளியைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்று உறுமும், கிறுகாது. மெல்லிய எரிந்த வாடையும் வந்தது.

திருத்துபவர் ஒருவரை அழைத்தோம். முகர்ந்து பார்த்தார். "மோட்டர் எரிஞ்சிட்டு ரீச்சர். இதுக்குச் செலவழிக்கிறது வீண். புதுசு ஒண்டு எடுங்க" என்றார். 2022 நெருக்கடிக்குப் பின் இத்தகைய பொருட்களின் விலை உங்களுக்குத் தெரியும். என் சம்பளத்தில் அம்மாவின் மருந்துச் செலவு போக மிஞ்சுவதைக் கொண்டு அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

அன்றிரவு அடுப்பங்கரையில் கயிறு கட்டி விரிப்புகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு வெட்கம் வந்தது. ஆண்டுதோறும் கரும்பலகையில் மோட்டரின் படம் கீறிப் பாகங்களைக் குறிக்கச் சொல்லிக் கொடுப்பவள் நான். என் வீட்டு மோட்டரை ஒருநாளாவது திறந்து பார்த்ததில்லை.

மெசின் என்ன செய்கிறது?

துணியை உலர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீரை ஆவியாக்குவது. மற்றது, நீரை நீராகவே வெளியே தள்ளுவது. வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பிய உங்கள் உம்மாமார், சாச்சிமார் சூடான காற்றில் துணியை உருட்டிக் காயவைக்கும் மெசினைப் பார்த்திருப்பார்கள். அது முதலாவது வகை. ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2400 கிலோயூல் சக்தி தேவை. அதாவது மின்பட்டியல் கணக்கில் ஓர் அலகில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் 150 வோற்று மோட்டர் ஒன்று ஐந்து நிமிடம் சுற்ற 45 கிலோயூல் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு லீற்றர் நீர் வெளியேறினால் செலவு ஐம்பதில் ஒரு பங்குதான். ஏழைக்கேற்ற உலர்த்தி இதுதான்.

சுற்றும்போது நடப்பது இது. துணியைத் தொட்டியின் சுவர் தடுத்து வட்டப்பாதையில் வைத்திருக்கிறது. நீரைத் தடுக்க எதுவுமில்லை. அது துளைகளூடாக வெளியே ஓடிவிடுகிறது. தொட்டியின் ஆரை 12 சென்ரிமீற்றர், நிமிடத்துக்கு 1350 சுற்று என்று கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். சுவரோரத் துணியின் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலைப் போல் 240 மடங்குக்கு மேல் வரும். எந்தக் கையாலும் இப்படிப் பிழிய முடியாது.

முதலில் பாதுகாப்பு

கடமைபோல் எழுதிவிட்டுப் போகும் பந்தி அல்ல இது. தயவுசெய்து இருமுறை வாசியுங்கள்.

நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரை அது கொல்லும். ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது, செருகியைக் கழற்றிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். மெசினை ஈரமில்லாத இடத்துக்கு இழுங்கள். செருப்புப் போடுங்கள். வீட்டில் இன்னொருவர் உடனிருக்கட்டும். வீட்டின் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, அது உடனே விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மெசினை விடுங்கள், முதலில் அதைத் திருத்த ஆள் கூப்பிடுங்கள்.

உள்ளேயுள்ள கொள்ளளவி, செருகியைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். பழைய இழை மின்குமிழ் ஒன்றைத் தாங்கியில் மாட்டி, அதன் இரு வயர் முனைகளையும் காப்பிட்ட பகுதியில் பிடித்துக்கொண்டு கொள்ளளவியின் இரு முனைகளிலும் சில விநாடி தொடுங்கள். அதன் பிறகே கை வைக்கலாம்.

பிழையைத் தேடும் ஒழுங்கு

மறுநாள் சனிக்கிழமை. அண்ணனின் மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு ஸ்குறூ ட்ரைவர், ஒரு குறடு, பாடசாலை ஆய்வுகூடத்துக்கென நான் வாங்கி வைத்திருந்த மல்ரி மீற்றர் ஆகியவற்றுடன் தொடங்கினேன். சுலபமானதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும் என்பதே ஒழுங்கு.

எந்தச் சத்தமும் இல்லாவிட்டால் மின்சாரம் மோட்டருக்குப் போகவில்லை என்று பொருள். சதுரக்கால் செருகிக்குள் உள்ள உருகியைப் பாருங்கள். அடுத்து வயரைப் பாருங்கள், எலி கடித்திருக்கும். அடுத்து மூடி ஆளி. மூடியைத் திறந்தால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும் என்பதற்காகப் பின்பக்க மேல்மூடிக்குள் சிறு உலோகத் தகடுகள் இரண்டு இருக்கும். எங்களைப் போல் கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழ்பவர்களின் வீடுகளில் உப்புக் காற்று அந்தத் தகடுகளில் பச்சையாகப் பிடித்துவிடும். மெல்லிய மண்தாளால் தேய்த்தால் பல மெசின்கள் உயிர்பெறும். அதுவும் சரியென்றால் நேரக் கணிப்பானைச் சோதிக்கலாம். மல்ரி மீற்றரைத் தடை அளக்கும் நிலையில் வைத்து, மூடி மூடியிருக்க நேரக் கணிப்பானைத் திருப்பினால் தொடுகை கிடைக்க வேண்டும்.

எங்கள் மெசின் உறுமியது. ஆகவே மின்சாரம் மோட்டர் வரை வருகிறது. இனி இரண்டே கேள்விகள். ஏதாவது அதைப் பிடித்து நிறுத்துகிறதா? அல்லது தொடங்கும் தள்ளு கிடைக்கவில்லையா?

முதற் கேள்விக்கு விடை காண, மெசினின் பின்தகட்டைக் கழற்றி, மூடியை மூடி வைத்துக்கொண்டு, தொட்டியின் அடியில் மோட்டரோடு இணைந்த உருளையைக் கையால் திருப்பிப் பார்த்தேன். இலகுவாகக் கிறுக வேண்டும். கிறுகவில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம், சுற்றும் தொட்டிக்கும் வெளிச் சுவருக்கும் இடையில் விழுந்துவிட்ட ஒரு கைக்குட்டை அல்லது காலுறை. டோர்ச் அடித்துப் பார்த்தோம், எதுவும் இல்லை. எங்கள் விடயத்தில் காரணம் பிரேக்.

மூடியைத் திறந்ததும் தொட்டியை நிறுத்துவதற்காக அந்த உருளையை ஒரு பிரேக் கட்டை அழுத்திப் பிடிக்கிறது. மூடியை மூடும்போது ஒரு கம்பி அந்தக் கட்டையை இழுத்து விலக்குகிறது. எங்கள் கம்பி துருப்பிடித்துத் தொய்ந்து போயிருந்தது. மூடியை மூடினாலும் கட்டை விலகவில்லை. மோட்டர் பிரேக்கோடு போராடிச் சூடாகியிருக்கிறது. எரிந்த வாடை அங்கிருந்துதான். திருத்துபவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். வாடையை முகர்ந்தார், காரணத்தைத் தேடவில்லை. நோயாளியின் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மரணச் சான்றிதழ் எழுதியது போல.

கம்பியின் கொழுவியை அடுத்த துளைக்கு மாற்றி இறுக்கினேன். உருளை இலகுவாகக் கிறுகியது. ஆனால் செருகியைப் போட்டபோது மீண்டும் உறுமல்தான். இப்போது இரண்டாவது கேள்வி.

உம்மம்மாவின் தையல் மெசின்

கால்மிதித் தையல் மெசினை நினைத்துப் பாருங்கள். மிதிபலகை முன்னும் பின்னும் மட்டுமே அசையும். தொடக்கத்தில் சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டாவிட்டால் சில வேளை அது கிறுகாது, அல்லது எதிர்ப்பக்கம் கிறுகும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டரும் அப்படியே. தனிச் சுருளொன்றின் காந்தப்புலம் முன்னும் பின்னும் மாறுமேயன்றிச் சுழலாது. ஆகையால் இரண்டாவது சுருள் ஒன்றை வைத்து, அதன் மின்னோட்டத்தைக் கொள்ளளவி மூலம் சற்று முன்தள்ளிக் கொடுக்கிறார்கள். இரு புலங்களும் சேர்ந்து ஒரு சுழலும் புலம் உண்டாகிறது. கையால் தட்டும் வேலையைக் கொள்ளளவி செய்கிறது.

எங்கள் கொள்ளளவியில் 5 மைக்ரோபரட், 450 வோல்ற்று என்று எழுதியிருந்தது. மின்னிறக்கம் செய்து, கழற்றி அளந்தேன். 2 மைக்ரோபரட் கூட இல்லை. பிறகு மோட்டரின் மூன்று வயர்களுக்கிடையில் தடையை அளந்தேன். மூன்று சோடிகளிலும் அளவு கிடைத்தது. இரண்டு சிறிய அளவுகளின் கூட்டுத்தொகை பெரிய அளவுக்குச் சமமாக இருந்தது. உலோக உடலுக்கும் சுருளுக்கும் இடையில் தொடர்பு இல்லை. மோட்டர் எரியவில்லை! எந்தச் சோடியிலாவது அளவே கிடைக்காதிருந்தால் சுருளோ, அதற்குள் உள்ள வெப்ப உருகியோ போய்விட்டது என்று பொருள். அங்கே நான் நிறுத்தி, சுருள் கட்டுபவரிடம் கொடுத்திருப்பேன்.

களுவாஞ்சிக்குடிக்குப் போய் அதே அளவுள்ள கொள்ளளவி வாங்கினேன். மைக்ரோபரட் ஒன்றாக இருக்க வேண்டும். வோல்ற்று அளவு கூடலாம், குறையக் கூடாது. அதன் விலை, போய்வந்த முச்சக்கரவண்டிக் கூலியை விடக் குறைவு.

நான் செய்த பிழை

மாட்டியதும் தொட்டி விர்ரென்று கிறுகியது. அண்ணனின் மகள் கைதட்டினாள். மகிழ்ச்சியில் மூடியைத் திறந்தேன். மோட்டரின் சத்தம் நின்றது, தொட்டி நிற்கவில்லை. சுற்றிக்கொண்டேயிருந்தது. விரிப்பை எடுக்க அவள் கையை நீட்டினாள். நான் அவளது தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் கிணற்றடியில் விழுந்தோம்.

கம்பியை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன். பிரேக் விலகியதோடு சரி, திரும்பிப் பிடிக்கவேயில்லை. கிறுகுகிறதா என்பதை மட்டும் சோதித்தேன், நிற்கிறதா என்பதைச் சோதிக்கவில்லை. வேகமாகச் சுற்றும் துணியில் விரல் சிக்கினால் கையையே முறித்துவிடும். உங்களது பர்தா முனையும் எனது சேலை முந்தானையும் அதே போல் ஆபத்தானவை. குனியுமுன் இரண்டையும் செருகிக்கொள்ள வேண்டும்.

மீண்டும் செருகியைக் கழற்றி, கம்பியைச் சில மில்லிமீற்றர் தளர்த்தினேன். மூடியை மூடினால் கட்டை முற்றாக விலகவும், திறந்தால் 15 விநாடிக்குள் தொட்டி முழுதாக நிற்கவும் வேண்டும். வெறுந்தொட்டியோடு ஐந்து முறை சோதித்த பிறகுதான் துணி போட்டேன். மூடி ஆளியைத் தொல்லையென்று நேராக இணைத்துவிடுபவர்களும் உண்டு. ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நிமிடம் மிச்சப்படும், ஒரு கை போய்விடும்.

மறுபடி பழுதாகாமலிருக்க

துணியைத் தொட்டியில் சமமாகப் பரப்பி, மேலே வட்ட மூடியை அழுத்தி வையுங்கள். ஒருபக்கம் பாரமானால் தொட்டி ஆடித் தண்டையும் அடியிலுள்ள றப்பரையும் கெடுக்கும். றப்பர் கிழிந்தால் நீர் மோட்டரில் சொட்டும். அதைக் கண்டால் அன்றே நிறுத்துங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை மூடித் தகடுகளைத் துடையுங்கள். பெற்றோல், தின்னர் பட்ட துணியை ஒருபோதும் போடாதீர்கள். சூடான காற்று மெசின் உள்ள வீடுகளில் பஞ்சு வடியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். தேங்கிய பஞ்சு தீப்பிடிக்கும்.

அன்று மாலை காய்ந்த விரிப்பை விரித்து அம்மாவைப் புரட்டிக் கிடத்தினேன். கையால் தடவிப் பார்த்து, "வெயில் எறிச்சதா புள்ள?" என்று கேட்டார். தை முடியும் வரை வெயில் எறிக்கவில்லை. படுக்கைப் புண்ணும் வரவில்லை. பங்குனியில் அவர் நடைச்சட்டகத்தைப் பிடித்து முற்றம் வரை வந்தார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்ன அடுத்த வாரம் ஒரு பிள்ளை ஓடி வந்தாள். "ரீச்சர், எங்கட ஊட்டு மெசினும் உறுமினது. வாப்பாவ பக்கத்துல வெச்சிக்கிட்டு நான்தான் கழட்டினேன். தம்பிட சொக்ஸ் ஒண்டு கிடந்த!" என்றாள். அவள் கொள்ளளவியைத் தொடவில்லை, மல்ரி மீற்றர் தேடவில்லை. சுலபமானதிலிருந்து தொடங்கினாள், அதிலேயே முடிந்தது. அந்தத் தவணையில் அவள் எழுதிய எந்த விடைத்தாளுக்கும் நான் அவ்வளவு மகிழ்ச்சியோடு புள்ளி போட்டதில்லை.