பாதி வழியில் விடுவதற்கென்றே ஒரு ராக்கெட்

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்தில், மனிதர் ஏறுவதற்கு முன் கலத்தைச் சோதிக்கும் ராக்கெட்டுகள், திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படுகின்றன.

முதல் சோதனை 2014 டிசம்பர் 18-இல் நடந்தது. எல்.வி.எம்.3 ராக்கெட் ஆளில்லாத கலத்தை 126 கி.மீ. உயரத்தில் விடுவித்தது. கலம் பாராசூட்டில் அந்தமான் பக்கம் கடலில் இறங்கியது. கடலோரக் காவல்படைக் கப்பல் அதை மீட்டு எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் சேர்த்தது.

போய்த் திரும்புவதைவிடக் கடினமானது, ஏறும்போதே ராக்கெட் பழுதானால் உள்ளிருப்பவர்களைக் காப்பது. இதைச் சோவியத் ஒன்றியம் பெருவிலை கொடுத்து அறிந்தது. 1960 ஜூலை 28-இல் வஸ்தோக் கலத்துடன் கிளம்பிய ராக்கெட் ஏறும் வழியிலேயே சிதைந்தது. சாய்கா, லிசிச்கா என்ற இரு நாய்கள் மாண்டன. அந்த முதல் விநாடிகளில் கலத்தைப் பிரித்துக் காக்க வழியிருக்கவில்லை. ககாரின் பறப்பதற்கு முன் நடந்த ஏழு வஸ்தோக் சோதனைகளில் மூன்றுதான் திட்டப்படி முடிந்தன.

ஆபத்தில் கலத்தைப் பிரித்துக் காக்கும் இந்தத் தப்பிப்பு ஏற்பாட்டை இந்தியா தனியாகவே சோதித்தது. 2018 ஜூலை 5-இல் ராக்கெட்டே இல்லாமல், தரையிலிருந்தே கலத்தைத் திட எரிபொருள் மோட்டார்கள் இழுத்துச் சென்றன. 259 விநாடிகளில் அது கடலில் இறங்கியது.

ஓடும் ராக்கெட்டிலிருந்து பிரிவது வேறு சவால். இதற்கென்றே விகாஸ் திரவ எஞ்சினைக் கொண்டு ஒற்றை அடுக்கு ராக்கெட் ஒன்று செய்யப்பட்டது. சுமார் 35 மீட்டர் உயரம், 44 டன் எடை. சுற்றுப்பாதைக்குப் போகாத, பாதி வழியில் கைவிடப்படும் வாகனம் அது. ஆனாலும் அதை வீண் செலவு என்று சொல்ல முடியாது. ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது காற்று கலத்தை எப்படி அலைக்கழிக்கும் என்பதை வேறு வழியில் முழுதாக அறிய இயலாது.

2023 அக்டோபர் 21 காலை, அந்த ராக்கெட்டை ஏவுவதற்கு 5 விநாடி இருக்கையில் கணினி தானாகவே ஏவுதலை நிறுத்தியது. இது தோல்வி அல்ல. ஆள் ஏறும் ராக்கெட்டுக்கு வேண்டிய குணம். கோளாறு சரிபார்க்கப்பட்டு 10 மணிக்கு ராக்கெட் கிளம்பியது. ஏறத்தாழ 12 கி.மீ. உயரத்தில், ஒலியைப் போல் 1.2 மடங்கு வேகத்தில், தப்பிப்பு மோட்டார்கள் கலத்தைப் பிய்த்துக்கொண்டு 17 கி.மீ. வரை மேலேறின. அங்கே விடுபட்ட கலத்தை, முதலில் சிறிய பாராசூட்டுகளும் பிறகு பெரியவையும் வேகம் குறைத்து, கரையிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில் இறக்கின. நீரில் அது தலைகீழாக மிதந்தது. கடற்படையினர் அதை மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தனர்.

பாராசூட் வரிசையை மட்டும் தனியே பார்க்க, 2025 ஆகஸ்ட் 24-இல் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டரிலிருந்து ஒரு மாதிரிக் கலம் கீழே விடப்பட்டது.