அந்தரத்தில் நிற்கும் பந்து

மேல்நோக்கிக் காற்றை ஊதும் ஒரு தடித்த குழாய். அதன்மேல் கடற்கரைப் பந்து ஒன்று, விழாமலும் பறந்துபோகாமலும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அறிவியல் மையங்களில் சின்னக் குழந்தைகள் மொய்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. மூன்று வயதுப் பிள்ளை முதலில் பந்தைத் தட்டிவிடும். பந்து தள்ளாடிவிட்டு மறுபடி நடுவுக்கே வந்து நிற்கும். அடுத்த தடவை தட்டாமல் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கும். அப்போது பந்து கையிலிருந்து திமிறிக் காற்றுக்குள் போகப் பார்ப்பது விரல்களில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத எதுவோ மறுபக்கமிருந்து இழுக்கிறது. பிள்ளையின் முகம் மாறுவது அந்த நொடியில்தான்.

பந்தின் எடையைக் கீழிருந்து வரும் காற்று தாங்குகிறது. அதில் புதிர் ஏதுமில்லை. பக்கவாட்டில் ஏன் நழுவி விழவில்லை என்பதுதான் கேள்வி. பந்து வலப்பக்கம் விலகினால், காற்று அதன் இடப்பக்கத்தை மட்டும் உரசிக்கொண்டு மேலே போகிறது. அப்படிப் போகும் காற்று பந்தின் வளைவோடு ஒட்டியபடி வளைந்து, வலப்பக்கமாகத் திரும்பி வெளியேறுகிறது. பந்து காற்றை வலப்பக்கம் திருப்பினால், காற்று பந்தை இடப்பக்கம் தள்ளியாக வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி அது. அந்தத் தள்ளல் பந்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. குழாயைச் சாய்த்தாலும் இதே கதைதான்: காற்று பந்தின் மேல்புறத்தைத் தழுவிக் கீழ்நோக்கி வளைய, பந்து மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் விழுந்துவிடும். எந்தச் சாய்வில் விழுகிறது என்று குழந்தைகள் அலுக்காமல் தேடுவார்கள்.

கூட வந்த பெரியவர்களுக்கோ வேறு கவலை. டிக்கெட் வாங்கியாயிற்று, இன்னும் பாதிக் கூடம் பாக்கி. பக்கத்திலுள்ள விளக்கப் பலகையை ஒரு பார்வை பார்த்து, "இது பெர்னூலி தத்துவம்டா கண்ணா, சரி வா, அங்க இன்னொண்ணு இருக்கு" என்று கையைப் பிடித்து நகர்த்துகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அந்த இடத்தில் பிள்ளை செய்துகொண்டிருந்தது விளையாட்டு மட்டுமல்ல என்பதற்கு இன்று நல்ல சான்றுகள் இருக்கின்றன.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஸ்டால், லிசா ஃபைகென்சன் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 11 மாதக் குழந்தைகள் சிலருக்கு, ஒரு பொம்மை சுவரை ஊடுருவிப் போவதுபோல் காட்டினார்கள். வேறு சிலருக்கு, மேடையின் விளிம்பைத் தாண்டிய பொம்மை விழாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் காட்டினார்கள். பிறகு அதே பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைப் பார்த்த குழந்தைகள் பொம்மையைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைப் பார்த்தவை அதைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தன. இது கெட்டியான பொருளா, இது விழுமா என்று அததற்குப் பொருத்தமான சோதனையை, நடக்கக்கூடத் தெரியாத வயதில் அவை தேர்ந்தெடுத்தன. எனக்கு இந்த ஆய்வைப் படித்த பிறகு, சோற்றுக் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளும் குழந்தையைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை.

இந்த இயல்புக்கு இடம் கொடுக்கும் கூடங்களின் வரலாறு நீளமானது. சிறுவர்களுக்கென்றே அமைந்த உலகின் முதல் அருங்காட்சியகம் நியூயார்க்கின் புரூக்ளினில் 1899இல் திறக்கப்பட்டது. நம் நாட்டில் கொல்கத்தாவின் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே காட்சிப்பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமங்களுக்கும் கொண்டுபோனது. சென்னைப் பிள்ளைகளுக்குக் கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. ஆனால் இந்த வகைக் கூடங்களின் போக்கையே திருப்பிவிட்டவர் யார் என்று கேட்டால், நான் ஃபிராங்க் ஓப்பன்ஹைமரைத்தான் சொல்வேன்.

அணுகுண்டுத் திட்டத்தை வழிநடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி அவர். அவரும் இயற்பியலாளர், அதே திட்டத்தில் வேலை பார்த்தவர். ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக 1949இல் பல்கலைக்கழக வேலையை இழந்தார். எங்கும் ஆய்வு வேலை கிடைக்காமல், கொலராடோ மலைப்பகுதியில் பல ஆண்டுகள் மாடு வளர்த்தார். 1957இல் அங்கிருந்த சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானபோது, மாணவர்களை ஊர்க் குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போய், கிடந்த பழைய இயந்திரங்களைக் கொண்டே பாடம் நடத்தினார். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் திறந்தபோதும் அதே மனம்தான். எல்லாவற்றையும் தொடலாம். காட்சிப்பொருள்களைச் செய்யும் பட்டறையையே வருகிறவர்கள் பார்க்கும்படி வைத்தார். விளக்கம் சொல்ல உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அமர்த்தினார். செய்முறைகளைப் புத்தகங்களாகவே வெளியிட்டார்கள், யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று. உலகின் பல மையங்களில் ஒரே மாதிரியான பொருள்களைப் பார்க்கிறோம் என்றால் அந்தப் பெருந்தன்மைக்கு அதில் பெரும் பங்குண்டு.

அப்படியானால் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் ஒதுங்கி நிற்பதுதான் நல்லதா?

ஆம் என்று சொல்லத் தூண்டும் ஓர் ஆய்வு இருக்கிறது. எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலானோர் 2011இல் வெளியிட்டது. குழாய்களைச் சேர்த்து ஒரு புதுப் பொம்மை செய்தார்கள். அதில் நான்கு வித்தைகள் ஒளிந்திருந்தன: ஒன்றை இழுத்தால் கீச்சென்று கத்தும், ஒன்று ஒளிரும், ஒன்று இசைக்கும், ஒன்றுக்குள் கண்ணாடி. பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளில் சிலருக்கு, "இது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறேன் பாரு" என்று ஆசிரியரைப் போலச் சொல்லிக் கீச்சொலியை மட்டும் காட்டினார்கள். வேறு சிலரிடம், தற்செயலாகக் கைபட்டுக் கத்தியதுபோல் நடித்தார்கள். பாடமாகக் கேட்ட குழந்தைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். மற்ற வித்தைகளைக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். இதைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. விஷயம் தெரிந்தவர் ஒன்றை மட்டும் காட்டுகிறார் என்றால், இதில் இருப்பது அவ்வளவுதான் போலும் என்று குழந்தை கணக்குப் போடுகிறது. கணக்கு சரி, நாம் கொடுத்த தகவல்தான் குறை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஊதா நிறக் கட்டடத்துக்குப் பேர்போன சான் ஹோசே சிறுவர் அருங்காட்சியகத்தில், கெவின் கிரௌலி, மொரீன் கேலனன் ஆகியோரின் குழு குடும்பங்களைக் கவனித்தது. ஒரு காட்சிப்பொருள் ஜோட்ரோப்: உட்புறம் வரிசையாகப் படங்கள், சுவரில் மெல்லிய கீறல்கள் கொண்ட சுழலும் உருளை. மேலிருந்து எட்டிப் பார்த்தால் படங்கள் கலங்கி ஒரே தீற்றலாகத் தெரியும். கீறல் வழியே பார்த்தால் உருவம் அசையும். கீறல் கண்ணைக் கடக்கும் கணத்தில் ஒரு படம் மட்டும் துலங்குகிறது, பிறகு மறைப்பு, பிறகு அடுத்த படம். இவற்றை மூளை அசைவாகக் கோத்துக்கொள்கிறது. தனியாக வந்த குழந்தை மேலிருந்து பார்த்துவிட்டு, உருளையை வேகமாகச் சுழற்றிய மகிழ்ச்சியோடு போய்விடலாம். பெற்றோரோடு சேர்ந்து பார்த்த குழந்தைகள் அதிக நேரம் நின்றார்கள், பல விதமாகச் செய்து பார்த்தார்கள், எதை எதோடு ஒப்பிட வேண்டுமோ அதைச் செய்தார்கள். பெற்றோர் அங்கே விரிவுரை ஆற்றவில்லை. "குனிஞ்சு இந்த ஓட்டையில பாரு", "இப்ப மெதுவா சுத்து" என்ற அளவில், விஷயம் நடந்துகொண்டிருக்கும்போதே துண்டு துண்டாகச் சொன்னவைதான் பயன்பட்டன.

இரண்டு ஆய்வும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. குழந்தை கைவைக்கும் முன்பே வந்து விழும் முழு விளக்கம் கதவைச் சாத்துகிறது. அது தடுமாறும் இடத்தில் வரும் அரை வாக்கியம் திறந்துவிடுகிறது. அதற்கு நாம் பக்கத்திலேயே, அதன் உயரத்துக்குக் குந்தி, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் நான்கைந்து பொருள்களுக்கு மேல் இப்படிப் பார்க்க முடியாது. தண்ணீர் மேசையிலேயே பிள்ளை முக்கால் மணி நேரம் நின்றால் நிற்கட்டும். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துப்போனால் போதும்.

அதே சான் ஹோசே அருங்காட்சியகத்தில் அதே குழு கவனித்து 2001இல் வெளியிட்ட முடிவு ஒன்றுதான் என்னை விடாமல் உறுத்துகிறது. எப்படி இயக்குவது, என்ன தெரிகிறது என்பதையெல்லாம் பெற்றோர் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரே அளவில்தான் சொன்னார்கள். ஆனால் ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கத்தை மகன்களுக்கு மூன்று மடங்கு அதிகமாகச் சொன்னார்கள். பள்ளியில் அறிவியல் பாடம் தொடங்குவதற்கு வெகு முன்பே இது நடக்கிறது. வேண்டுமென்று யாரும் செய்ததல்ல. மகள்களையும் அவர்கள்தான் கூட்டிவந்தார்கள், தூக்கிக் காட்டினார்கள், சுற்றச் சொன்னார்கள், "அசையுது பாத்தியா" என்றும் கேட்டார்கள். ஓட்டை வழியே ஒவ்வொரு படமாகத் தெரிவதால்தான் அசைகிறது என்ற அடுத்த வாக்கியம்தான் பல மகள்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது.