குளிர்கால மலைநடைக் காலணியும் பாத வலியும்

குளிர்கால மலைநடைக் காலணி என்பது பனியும் உறைபனிக்கட்டியும் மூடிய மலைச்சரிவுகளில் நடப்பதற்காகச் செய்யப்படும், வளையாத அடித்தட்டைக் கொண்ட கனமான மூடுகாலணி ஆகும். இசுக்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் நடப்போர் இதனைப் பெருமளவில் பயன்படுத்துகின்றனர். கோடைகாலக் காலணியிலிருந்து முதன்முறையாக இதற்கு மாறுவோரிடையே குதிகால், முன்பாதம், கால்விரல்கள், கணைக்காலின் முன்புறம் ஆகிய இடங்களில் வலி ஏற்படுவது வழக்கம். அடித்தட்டின் விறைப்பு ஒரு குறைபாடு அன்று. அது பாதுகாப்புக்குத் தேவையான பண்பு. எனவே, விறைப்பை ஏற்றுக்கொண்டு, பாதத்துக்கும் காலணிக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையைக் கண்டறிந்து நீக்குவதே வலிக்கான தீர்வாகும்.

விறைப்பின் தேவை

இறுகிய பனிச்சரிவில் ஏறுபவர் காலணியின் முனையால் உதைத்துப் படி வெட்டியும், பக்க விளிம்பைப் பனியில் ஊன்றியும் நடக்கின்றார். வளையும் காலணி இவ்விரு செயல்களின்போதும் மடங்கி வழுக்கிவிடும். விறைப்பான காலணியில் அதன் முனையோ விளிம்போ மட்டும் பதிந்தாலும் முழு உடலின் எடையையும் தாங்க இயலும்.

இரண்டாவது காரணம் கிராம்பன் ஆகும். இது உறைபனிக்கட்டியில் பிடிமானம் பெறுவதற்காகக் காலணியின் அடியில் பூட்டப்படும் முட்களைக் கொண்ட உலோகச் சட்டம். 1908 ஆம் ஆண்டில் ஆசுக்கர் எக்கென்சுடைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 10 முட்களைக் கொண்ட கிராம்பனை வடிவமைத்தார். 1929 இல் இத்தாலியரான லாரன்ட் கிரிவெல் அதில் முன்னோக்கிய முட்களைச் சேர்த்தார். இச்சட்டத்தை மென்மையான காலணியில் பூட்டினால், ஒவ்வோர் அடியிலும் காலணி வளையும்போது சட்டம் தளரும். கழன்று விழவும் கூடும். தொடர்ந்து வளைக்கப்படும் உலோகம் களைப்புற்று உடைவதும் உண்டு. செங்குத்தான பனிச்சரிவில் இது உயிராபத்தை விளைவிக்கும்.

வரலாறு

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மலையேறுவோர் அடியில் இரும்பு ஆணிகள் அறையப்பட்ட தோற்காலணிகளையே அணிந்தனர். அவை பாறையிலும் பனியிலும் ஓரளவு பிடிமானம் தந்தன. ஆயினும், ஆணிகளின் வழியே பாதத்தின் வெப்பம் வெளியேறியது. 1935 இல் இத்தாலிய ஆல்ப்சு மலையில் ஆறு மலையேறிகள் உயிரிழந்தனர். அவர்களுடைய காலணிகள் அச்சூழலுக்குப் பொருந்தாமல் இருந்ததும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. இந்நிகழ்வுக்குப் பின்னர் வித்தாலே பிரமானி என்ற இத்தாலியர் ஆழமான பள்ளங்களைக் கொண்ட இரப்பர் அடித்தட்டை உருவாக்கி, 1937 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வைபிரம் என்ற வணிகப்பெயர் அவருடைய பெயரின் சுருக்கமே. பிற்காலத்தில் நெகிழியால் ஆன வெளியோட்டைக் கொண்ட காலணிகளும் வந்தன. இன்று தோலும் செயற்கைத் துணியும் மேற்பாகமாகவும், நைலான், கண்ணாடியிழை, கரிம இழை முதலியவற்றால் ஆன தகடு அடித்தட்டின் உள்ளீடாகவும் பயன்படுகின்றன.

வகைப்பாடு

பிரித்தானியாவில் மலைக்காலணிகள் விறைப்பின் அடிப்படையில் நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

பி0: எளிதில் வளைவது. கிராம்பனுக்கு ஏற்றதன்று.
பி1: ஓரளவு விறைப்பானது. குளிர்கால மலைநடைக்கு உரியது.
பி2: பெரிதும் விறைப்பானது. கடினமான மலைநடைக்கும் எளிய பனியேற்றத்துக்கும் உரியது.
பி3: முற்றிலும் விறைப்பானது. செங்குத்தான பனிக்கட்டியில் ஏறுவதற்கு உரியது.

கிராம்பன்களும் சி1, சி2, சி3 என வகைப்படுத்தப்படுகின்றன. காலணியின் எண் கிராம்பனின் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருத்தல் வேண்டும். சான்றாக, பி2 காலணியில் சி1, சி2 ஆகியவற்றைப் பூட்டலாம். சி3 ஐப் பூட்டலாகாது.

எண் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற எண்ணத்தில் மலைநடைக்குப் பி3 காலணியை வாங்குவது வலிக்கான பொதுவான காரணங்களுள் ஒன்றாகும். இசுக்காட்லாந்தில் பல மலைகளின் அடிவாரத்தை அடையவே கல் பாவிய பாதையில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியுள்ளது. பனிக்கட்டிச் சுவரில் ஏறுவதற்காக ஆன காலணி இத்தகைய பாதையில் பாதத்தை வருத்தும்.

வலி தோன்றும் விதம்

மனிதப் பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இயல்பாக நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழ, விரல்களின் அடிமூட்டுகள் வளைகின்றன. அப்போது குதிகாலையும் விரல்களின் அடிப்பகுதியையும் இணைக்கும் தடித்த இழைப்பட்டை இழுக்கப்பட்டு, பாதத்தின் வளைவு உயர்கின்றது. கப்பியில் கயிறு சுற்றப்படுவதை ஒத்த இச்செயற்பாட்டை 1954 இல் ஜே. எச். இக்சு என்பவர் விளக்கினார்.

விறைப்பான காலணிக்குள் விரல் மூட்டுகள் போதிய அளவு வளைய முடிவதில்லை. பாதம் வளைய முயலும், காலணி வளையாது. இதனால் குதிகால் காலணிக்குள்ளேயே மேலெழுந்து, பின்சுவரில் உராய்கின்றது. இவ்வாறு ஒவ்வோர் அடியிலும் சில மில்லிமீட்டர் அளவு உராய்ந்தாலும், ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பின் கொப்புளம் உண்டாகின்றது. இதனை ஈடுசெய்வதற்காகவே அடித்தட்டின் முன்பகுதி சற்று மேல்நோக்கி வளைத்துச் செய்யப்படுகின்றது. நடப்பவர் பாதத்தை மடக்காமல், அந்த வளைவின் மீது முன்னோக்கி உருண்டு செல்வதுபோல் குறுகிய அடிகளை எடுத்து வைத்தால் உராய்வு குறையும்.

இடத்தின் அடிப்படையில் காரணங்களும் தீர்வுகளும்

குதிகால்: பாதம் மேலெழுவதே காரணம். குதிகாலை இறுகப் பற்றும் வடிவுடைய காலணியைத் தேர்தல், கணுக்கால் மடிப்பில் நாடாவை இரட்டை முடிச்சிட்டு இறுக்குதல் ஆகியன பயன் தரும்.

விரல் நுனி: இறங்கும்போது பாதம் முன்னோக்கிச் சறுக்கி விரல்கள் காலணியின் முனையில் இடிக்கின்றன. இதனால் நகத்தின் அடியில் இரத்தம் கட்டி நகம் கருக்கும். காலணி நீளம் குறைவாக இருப்பதும், இறங்கும்முன் நாடாவை இறுக்கத் தவறுவதும் காரணங்கள். நகங்களைக் குறைவாக வெட்டி வைத்தலும் உதவும்.

முன்பாதம்: அகலம் போதாத காலணி எலும்புகளைப் பக்கவாட்டில் நெருக்குகின்றது. மூன்றாம், நான்காம் விரல்களுக்கிடையே எரிச்சலும் மரத்துப்போதலும் தொடர்ந்தால், 1876 இல் தாமசு மார்ட்டன் விவரித்த நரம்புத் தடிப்பாக அது இருக்கக்கூடும்.

உள்ளங்கால் வளைவு: காலணியுடன் வரும் உள்ளட்டை பெரும்பாலும் தட்டையானது. வளைவைத் தாங்கும் உள்ளட்டையை மாற்றி வைப்பதால் பாதம் விரிவதும் களைப்பதும் குறையும். ஆயினும், தடித்த உள்ளட்டை காலணியின் உள்ளிடத்தைக் குறைத்துப் புறங்காலை அழுத்தலாம்.

கணைக்கால் முன்புறமும் புறங்காலும்: மேல் நாடாவை மிக இறுக்கினால் தசைநாண்கள் அழுத்தப்படும். ஏறும்போது மேற்பகுதியைத் தளர்த்தியும் இறங்கும்போது இறுக்கியும் கட்டுவது நல்லது.

தேர்வும் பழக்குதலும்

பாதம் நாளின் பிற்பகுதியில் சற்று வீங்குவதால், காலணியை மாலையில், குளிர்காலத்தில் அணியும் தடித்த கம்பளிக் காலுறையுடன் அணிந்து பார்த்தல் வேண்டும். நாடா கட்டாத காலணிக்குள் விரல்கள் முனையைத் தொடும்வரை பாதத்தை முன்தள்ளினால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருத்தல் நலம். பின்னர் நாடாவைக் கட்டிச் சாய்வான பலகையில் இறங்கிப் பார்க்கும்போது விரல்கள் முனையில் இடிக்கக் கூடாது. இரு பாதங்களும் அளவில் வேறுபட்டால் பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவையே கொள்ள வேண்டும்.

புதிய காலணியை முதலில் வீட்டினுள்ளும், பின்னர் குறுகிய நடைகளிலும் அணிந்து பழக்குவது வழக்கம். பழக்குவதால் இளகுவது மேற்பாகமும் உட்திணிப்பும் மட்டுமே; அடித்தட்டு அதிகம் இளகாது; நீளமும் கூடாது. எனவே, கடையிலேயே விரல் இடிக்கும் காலணி நாளடைவில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. ஓரிடத்தில் மட்டும் அழுத்தும் தோற்காலணியை அவ்விடத்தில் விரித்துத் தரும் கருவிகள் சில கடைகளில் உண்டு. நனைந்த காலணியை நெருப்பருகில் உலர்த்தினால் தோல் வெடிக்கும், பசையும் விடும்.

மலையில் வலி ஏற்படும்போது

ஓரிடம் சூடாக உறுத்தத் தொடங்கியவுடனேயே, காற்று மறைந்த இடத்தில் நின்று அதன்மீது பசைப்பட்டை ஒட்ட வேண்டும். கொப்புளம் தோன்றிய பின் செய்வதைவிட இது பயனுடையது. ஆறு கிலோமீட்டரில் தோன்றிய சிறு உறுத்தல் பதினாறாவது கிலோமீட்டரில் நடையையே முடக்கலாம். வட இசுக்காட்லாந்தில் திசம்பர் இறுதியில் பகற்பொழுது 7 மணி நேரத்துக்கும் குறைவாகும். 1345 மீட்டர் உயரமுடைய பென் நெவிசு போன்ற மலையில் நொண்டி இறங்குபவர் இருளிலும் கடுங்குளிரிலும் அகப்பட நேரிடும்.

வலியைவிட வலியின்மை சில வேளைகளில் கூடுதல் ஆபத்தானது. இறுக்கமான காலணி, இறுக்கமான கிராம்பன் வார், ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த காலுறைகள் ஆகியன இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். விரல்கள் உணர்விழந்து வெளிறினால் அது உறைபனிக் காயத்தின் தொடக்கமாக இருக்கலாம். அப்போது நாடாவைத் தளர்த்தி, விரல்களை அசைத்து, விரைவில் கீழிறங்க வேண்டும். அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது. உறைந்த பகுதியைச் சூடேற்றி மீண்டும் உறைய விடுவது கேட்டை மிகுவிக்கும்.

வலிக்குத் தப்புவதற்காகப் பனிச்சரிவில் மென்மையான காலணியை அணிவது தீர்வன்று. அடிவாரப் பாதையை இலகுவான காலணியில் நடந்து, பனி தொடங்கும் இடத்தில் விறைப்பான காலணிக்கு மாறுவது சிலரின் வழக்கம்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

ஓய்வெடுத்தும் இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, எலும்பின் ஒரு புள்ளியில் தொட்டால் தோன்றும் கூர்வலி, வீக்கம், மறையாத மரத்துப்போதல் ஆகியவற்றுக்கு மருத்துவரை நாட வேண்டும். நெடுநடையால் முன்பாத எலும்பில் நுண்முறிவு ஏற்படுவது உண்டு. 1855 இல் பிரைத்தாப்ட் என்ற பிரசிய இராணுவ மருத்துவர் படைவீரர்களிடையே கண்ட பாத வீக்கம் இத்தகையதே. நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் அழுத்தத்தையும் குளிரையும் உணராமல் போகலாம் என்பதால், நடையின் இடையிலும் முடிவிலும் பாதங்களைக் கண்ணால் பார்த்துச் சோதித்தல் இன்றியமையாதது.